ஒன்பது கரிக்கோடுகள்

786

காரைக்கால்
14-9-1953

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, அமீர் நிஷா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்கள் கல்கத்தாவில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே மாமாவும் மாமியும் நல்ல சுகம். நான்தான் நேற்றிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிகிறேன்.

நீங்கள் கோல்கீப்பராக நின்ற இறுதி ஆட்டத்தை ரேடியோவில் கேட்டோம்! மதார் சாகிப் கடையிலிருந்து ரேடியோவைத் தூக்கிவரச் சொன்னதே மாமாதான். இந்த ஆட்டத்தில் கோட்டை விட்டால் கிளப்பில் உங்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள், உடனே வரவழைத்துச் சைகோன் கப்பலில் ஏற்றி, உங்கள் பெரிய வாப்பா கடையில் உட்கார வைத்துவிடுவேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களே! சைகோன் போனவர்கள் யாரும் நாலு வருஷத்துக்கு முன்னால் திரும்பியதில்லை. பெண்டாட்டியை அழைத்துப் போனவர்களும் இல்லை. நேற்றுப் பகல் எனக்குச் சோறே இறங்கவில்லை.

ரேடியோக்காரர் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். நம் தெருவில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? உங்கள் தம்பி இப்ராஹிம், பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் செய்த மிதப்பில், "எல்லாம் ஒரே எழுத்துதான், நான் சொல்றேன்" என்று முன்னால் உட்கார்ந்துகொண்டார். உங்கள் பெயர் வரும். உடனே கூட்டம் ஹோவென்று இரையும். இவர், "போச்சு, உள்ள விட்டாச்சு" என்று சுவரில் ஒரு கரிக்கோடு போடுவார். ஒன்பது கோடு, மச்சான்! மாமா, "ஹமீது பந்தைப் புடிக்கிறானா, வழி விட்டு நிக்கிறானா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான் திரைக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

நல்ல வேளை, நாகப்பட்டினத்திலிருந்து ஜவுளி வியாபாரி காதர் பாட்சா நானா வந்தார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஒன்பது தடவையும் நீங்கள் பந்தைப் பிடித்திருக்கிறீர்களாம்! ஒன்றுகூட உள்ளே போகவில்லையாம்! உங்கள் கிளப் ஒரு கோல் முன்னால் நிற்கிறதாம்!

அதற்குப் பிறகு யார் உட்கார்ந்தார்கள்? கடைசி நிமிஷத்தில் ஒருவன் நேருக்கு நேர் நின்று அடித்தான், நீங்கள் பாய்ந்து விழுந்து விரல் நுனியால் தட்டிவிட்டீர்கள் என்று நானா சொன்னதும், உங்கள் பெயரைச் சொல்லியே கத்திவிட்டேன். புருஷன் பெயரைச் சொல்லலாமா என்று மாமி முறைத்தார்கள். முறைக்கட்டும். இன்னொரு தடவை ஜெயித்தாலும் கத்துவேன்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்ராஹிமைக் கூப்பிட்டார்கள். "சைகோன்ல பிரெஞ்சுதானே பேசுறாங்க, ஒனக்குத்தான் அது தண்ணி பட்ட பாடாச்சே, நீ போடா" என்றார்கள். உங்களுக்காகக் கப்பலில் சொல்லிவைத்திருந்த இடத்தை இன்று காலையே தம்பி பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பந்து வரும் பக்கமெல்லாம் உங்கள் கையை அல்லாஹ் முந்த வைப்பானாக.

கிளப்பில் அறை தருவார்கள் என்று எழுதினீர்கள். அடுப்பு வைக்க இடம் இருக்கிறதா என்று எழுதவில்லையே? நாகப்பட்டினத்தில் ரயில் ஏறினால் மூன்றாம் நாள் கல்கத்தாவாம், நானாவிடம் சும்மா கேட்டு வைத்தேன். அங்கே ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமாவுக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயணப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கும்
அமீர் நிஷா