தொட்டிக்குள் புகை

துர்கு, 4 பிப்ரவரி 1974

என் ரெய்ஸ்கா,

ஆஸ்பத்திரியில் தூங்க விடுகிறார்களா? கம்பளிச் சட்டையும் கறுப்பு ரொட்டியும் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ரொட்டியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

நேற்று உங்கள் ஃபோர்மேன் நூர்மினென் வந்தான். காபியைக் குடித்துவிட்டு, "ஐலி, உன் வீட்டுக்காரன் கப்பல் யார்டுல குடுக்கற பால ஒழுங்கா குடிச்சிருந்தா இப்படி ஆயிருக்காது" என்கிறான். காபிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இன்னொரு கப் ஊற்ற மனசில்லை. ஒரு நாளாவது நீ அந்தப் பாலைக் குடிக்காமல் வந்திருக்கிறாயா? வெல்டிங் புகைக்குப் பால்தான் மருந்து என்று அவர்கள் சொன்னதை நம்பித்தானே இத்தனை வருஷமும் குடித்தாய்!

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பால் வயித்துக்குப் போகுது, புகை நுரையீரலுக்குல்ல போகுது" என்றாள். எக்ஸ்ரேயைக் காட்டினாள். உன் நெஞ்சு முழுக்க இரும்புப் பொடி தூவினது மாதிரி இருக்கிறது.

திங்கள் இரவெல்லாம் நடுங்குவாய். "வெல்டருங்க எல்லாருக்கும் வர்ற திங்கக்கிழமை காய்ச்சல்டி" என்று சிரிப்பாய். விடிந்ததும் மறுபடி கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கிவிடுவாய்.

புகையை இழுத்து வெளியே தள்ளும் மெஷின் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது, அதிகாரிகள் சோதனைக்கு வரும் அன்று மட்டும் வெளியே வரும் என்று உன்னோடு வெல்டிங் செய்யும் சுலோ சொல்கிறான். உனக்குத் தெரியுமா?

உன் ஐலி

---

ஆஸ்பத்திரி, 11 பிப்ரவரி

ஐலி, என் தங்கமே,

ரொட்டி வந்தது. பாதியைக் கொடுத்துவிட்டேன், திட்டாதே.

மெஷின் விஷயம் தெரியும். அதன் குழாயைத் தொட்டிக்குள் இழுத்துப் போடுவதற்குள் வேலை தங்கிவிடும். மெஷினைக் கேட்டவனை நூர்மினென் திட்டுவதற்கு முன்னால் நம் ஆட்களே விடமாட்டார்கள். "என்னடா, மூச்சு முட்டுதா? போய் பால் வண்டி ஓட்டு" என்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

யாரிடமும் பேசாதே. என் தம்பி அர்மாஸும் அங்கேதான் வேலை செய்கிறான். சுலோவுக்குச் சின்னக் குழந்தைகள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சவுனாக் குளியல் அறையைச் சூடாக்கி வை. சூடான கல்லின் மேல் தண்ணீர் மட்டும் ஊற்றாதே, ஆவி எனக்கு இப்போது ஆகாது.

உன் ரெய்ஸ்கா

---

துர்கு, 2 ஏப்ரல்

ரெய்ஸ்கா,

சனிக்கிழமை உன்னைப் புதைத்தோம். நீ வந்து பார்த்துக்கொள்வாய் என்றுதான் அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

குழியருகே ஒவ்வொருவராக மலர்வளையம் வைத்து, அதன் நாடாவில் எழுதியிருந்ததை உரக்க வாசித்தார்கள். யார்டு சார்பில் நூர்மினென் வந்தான். "ஓயாது உழைத்த தோழனுக்கு, இனி அமைதியான ஓய்வு" என்று வாசித்தான். வளையத்தை எடுத்து அவன் கையிலேயே திணித்தேன்.

"ஸ்டோர்ல பூட்டி வெச்சிருக்கியே, அந்த மெஷின மொதல்ல வெளிய எடு. அப்பறம் பூ கொண்டா."

"ஐலி, இது அதுக்கான எடமில்ல."

"வேற எடம் எது? தொட்டிக்குள்ளயா? நீ முன்னால எறங்கு, நான் பின்னாலயே வர்றேன்."

பாதிரியார் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் சுலோவின் பெயரைச் சொல்லவில்லை, ரெய்ஸ்கா, சத்தியம். அவனே தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். "பூட்டித்தான் கெடக்கு. நான் பாத்தேன்" என்றான். நூர்மினென் வளையத்தைப் பிடித்தபடியே காருக்குப் போனான்.

நேற்று, திங்கட்கிழமை, மெஷின் வராமல் இறங்க மாட்டோம் என்று வெல்டர்கள் தொட்டி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "இன்னைக்கு எறங்காதவன் நாளைக்கு வர வேணாம்" என்று நூர்மினென் கத்தியிருக்கிறான். இன்றும் நிற்கிறார்கள். இறங்கியது ஒரே ஆள், உன் தம்பி அர்மாஸ். சாயங்காலம் என் வாசலில் வந்து இருமிக்கொண்டே கத்தினான்: "அண்ணன் மானத்த குழியிலயே வாங்கிட்டீங்களே அண்ணி! அவரு இருந்திருந்தா எங்கூட எறங்கியிருப்பாரு!"

கதவை அவன் முகத்தில் சாத்தினேன். அவன் சொன்னதை மட்டும் சாத்த முடியவில்லை.

சொல்லு ரெய்ஸ்கா, நீ இருந்திருந்தால் சுலோவோடு வாசலில் நின்றிருப்பாயா, அர்மாஸோடு உள்ளே இறங்கியிருப்பாயா?

ஐலி