நடுவில் அடித்த டம்மி

ஜூன் 8, 1999. செவ்வாய்.
காலையிலேயே வெயில். டீச்சரம்மாவின் பழைய காரை அரியலூரிலிருந்து கயிறு கட்டி இழுத்துவந்தாயிற்று. இன்ஜினில் தண்ணீர் ஒழுகல். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்கு இதில்தான் போவாராம்.

வேலை: இன்ஜின் பிளாக் கழுவ. டம்மி ஐந்தும் மாற்ற. ஹோஸ் பார்க்க.

வீட்டுக்காரி செல்வி சாப்பாடு கொண்டுவந்தாள். டம்மி என்றால் சும்மா பேருக்கு வைத்ததா என்று கேட்டாள். அடி போடி. இன்ஜின் வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை எடுக்கிற ஓட்டைக்கு மூடி அது. சிலிண்டரைச் சுற்றி ஓடுகிற தண்ணீரைப் பிடித்துவைப்பதே அதுதான்.

பெரிதாய் விளக்கினேன். அடுத்த நிமிஷமே மடத்தனம். ஓரத்தில் தட்டினால் மூடி திரும்பும், இடுக்கியால் இழுத்துவிடலாம். இருபது வருஷமாய் அப்படித்தான். இன்று மூன்றாவதை நடுவில் அடித்துவிட்டேன். தண்ணீர் ஓடும் சந்துக்குள் விழுந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை, செல்விகூட. புது மூடி போட்டால் தெரியாது. ஆனால் உள்ளே விழுந்தது தண்ணீரை மறித்தால்? நடுரோட்டில் கொதித்தால்? புது மூடியைப் போடவில்லை.

ஜூன் 9. புதன்.
வளைத்த கம்பி, காந்தம். உள்ளே பாறை மாதிரி உப்பு. எல்லாம் அரியலூர்த் தண்ணீர். பதினோரு மணிக்கு ஏதோ மாட்டியது. போன உயிர் வந்தது.

எடுத்துப் பார்த்தால் என்னுடையது இல்லை. வேறொன்று. துருவும் உப்பும். நடுவில் உளி பட்ட பள்ளம். எப்போதோ எவனோ இதே தப்பைச் செய்து, புதுசு போட்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் என்னுடையதும் வந்தது.

மளிகைக் கடை போனில் டீச்சரம்மா. வண்டி முன்னாடியே சூடாகுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எப்பவும் சூடாகுமாம். ஆறு வருஷம் முன்பு அவர் வீட்டுக்காரர் சாருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகிற வழியில் இந்த வண்டி கொதித்து நின்றதாம். வேறு வண்டி கிடைப்பதற்குள் முடிந்துவிட்டதாம்.

அந்தப் பழைய மூடியை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

ஜூன் 10. வியாழன்.
காற்று. ஷெட் முழுக்கப் புழுதி. புது டம்மி ஐந்தும் மாட்டியாயிற்று. ஒழுகல் இல்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், சூடே ஏறவில்லை. ஏறித் தொலைத்திருக்கலாம். அப்போது அந்தப் பழைய மூடிதானா காரணம்? யாரிடம் கேட்பது?

செல்வியிடம் சொன்னேன்.

"கெணத்துல போட்டுட்டு வேலயப் பாருங்க. செத்தவரு திரும்பியா வரப்போறாரு?"

அதுவும் சரி. சொன்னால் அந்த அம்மாவுக்கு மறுபடி ஒரு சாவு. சூடானதற்கு உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை.

கிணற்றில் போடவில்லை. துணியில் சுற்றிவைத்திருக்கிறேன்.

ஜூன் 11. வெள்ளி.
எட்டரை பஸ்ஸில் வந்தார். கையில் பூ, எலுமிச்சம்பழம். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்றார். ஆயிற்று என்றேன். மறுபடி கேட்டார். மூன்றாவது முறையும். திறந்து காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அன்னிக்கு நான் ஊத்துனனா மறந்துட்டனான்னு இன்னி வரைக்கும் நெனவு வரல தம்பி. நாந்தான் அவரக் கொன்னுட்டேன்."

துணியைப் பிரித்தேன். எங்கே கிடந்தது, என்ன செய்யும், எல்லாம் சொன்னேன். "நீங்க ஊத்தியிருந்தாலும் நின்னுருக்கும்மா."

வாங்கிப் பார்த்தார்.

"யாரு தம்பி இதப் பண்ணது?"

"தெரியலைங்க. என்ன மாதிரி ஒருத்தன்." செவ்வாய்க்கிழமை நான் செய்ததையும் சொன்னேன்.

அந்தப் பழைய மூடியைப் பூவோடு பைக்குள் போட்டுக்கொண்டார். கார் சாவியை வாங்கிக்கொள்ளாமல், சிறுவாச்சூருக்கு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.