காக்காவைத் திருப்பிப் போட்டால்

ஜூலை 9

எண்பத்து நான்கு பேர். எழுபது நாற்காலி. எல்லோரும் வந்தால் என்ன செய்வது என்று துறைத்தலைவரைக் கேட்டேன். எல்லோரும் வந்த வரலாறு இல்லை என்றார்.

தரவுக் கட்டமைப்பு. கணினிக்குள் பொருளை எப்படி வைத்தால் எப்படி எடுக்கலாம் என்பதுதான் மொத்தப் பாடமும். அக்காவிடம் இப்படித்தான் விளக்கினேன். "அலமாரி அடுக்குறதுக்கு ஒரு பட்டமா?" என்றாள். அக்கா பல் டாக்டர். அடுத்தவர் வாயை மூடவிடாத தொழில். தன் வாயையும் மூடுவதில்லை.

அவள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறேன். ஆகவே ஆமாம் என்றேன்.

ஜூலை 11

விதி இன்று எழுத்தில் வந்தது. என் ஒப்பந்தம் நவம்பர் முப்பது வரை. நீட்டிக்க வேண்டுமானால் மாணவர்கள் எனக்குத் தரும் மதிப்பீடு ஐந்துக்கு மூன்றரை இருக்க வேண்டும். மூன்றரை. ஒரு மனுஷியை மூன்றரையாக ஆக்குவது எப்படி? இரண்டு நாள் யோசித்தால் நாலேகால் கூட ஆகலாம் என்று தோன்றுகிறது. வகுப்புக்குள் நுழைந்ததும் இரண்டாகிவிடுகிறேன்.

ஜூலை 17

அடுக்கு. கடைசியாக வைத்தது முதலில் வரும். புரிய வைக்க வீட்டிலிருந்து பீங்கான் தட்டுகள் கொண்டுபோனேன். "நடுத் தட்டை எடுக்க முடியுமா?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்து எடுத்துக் காட்டினான். நடுத் தட்டு பத்திரமாக அவன் கையில் இருந்தது. மேலே இருந்த மூன்றும் இல்லை.

அவனை எல்லோரும் சேர்மன் என்கிறார்கள். எதற்குச் சேர்மன் என்று யாருக்கும் தெரியவில்லை.

தட்டுகள் அக்காவுடையவை.

ஜூலை 30

இணைப்புப் பட்டியல். ஒவ்வொரு உறுப்புக்கும் அடுத்தது யார் என்று மட்டும் தெரியும். இருபது பேரை வகுப்பில் அங்கங்கே நிறுத்தி, ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைநீட்டிக் காட்ட வேண்டும் என்றேன். அருமையாகப் போனது. ஏழாவது ஆள் கழிப்பறைக்குப் போனான், யாரையும் காட்டாமல். எட்டிலிருந்து இருபது வரை எங்களுக்கு இனி யார் என்று தெரியாது. பதின்மூன்று பேரும் தாங்கள் தொலைந்துவிட்டதாக அறிவித்துக் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

கோட்பாட்டின்படி சரிதான்.

ஆகஸ்ட் 6

இன்று ஒருவர்கூடத் தூங்கவில்லை. பெருமையாக இருந்தது. வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, மின்விசிறி ஓடவில்லை.

ஆகஸ்ட் 20

மூன்றாம் ஒப்படை கொடுத்தேன், வீட்டில் நிரல் எழுதிக் கொண்டுவர. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக அடுக்கில் போடு, மேலிருந்து எடு, தலைகீழாக வரும். முதலில் இருந்ததும் இதுவும் ஒன்றானால் "ஆம்" என்று அச்சிடு. இல்லாவிட்டால் "இல்லை".

எல்லாப் புத்தகத்திலும் இதற்கு ஆங்கிலச் சொற்கள். நான் தமிழ்ச் சொற்கள் கொடுத்தேன். காக்கா, தாத்தா, பாப்பா, மாறுமா, விகடகவி என்று பத்து. எட்டு இருபுறமும் ஒன்று. அக்காவும் தம்பியும் மட்டும் அப்படி இல்லை. பட்டியலைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். எனக்குள் ஒரு பாடநூலாசிரியை விழித்துக்கொண்டாள்.

விடைத்தாளை என் நிரலே தயாரித்தது. பிழையின்றி ஓடியது. திறந்து பார்க்கவில்லை. பிழையின்றி ஓடியதை எதற்குப் பார்க்க வேண்டும்?

செப்டம்பர் 3

திருத்தும் வேலையையும் நிரலே செய்தது. எண்பத்து மூன்று பேர் பத்துக்குப் பத்து.

நான் நல்ல ஆசிரியை. இதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஒருத்தி மட்டும் இரண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் "மேம், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பவள். அவளுக்குச் சந்தேகம் என்றே பெயர். பாவம், நிறைய கேட்டுக் குழம்பிவிட்டாள் போல.

செப்டம்பர் 4

சந்தேகம் வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரு தாளை மேசையில் வைத்தாள். அதில் காக்கா என்று எழுதியிருந்தது.

"மேம், இதைத் திருப்பிப் படிங்க."

படித்தேன். காக்கா.

"உங்க விடைத்தாள் 'இல்லை'ங்குது மேம்."

அவள் எதிரிலேயே விடைத்தாளை முதல்முறையாகத் திறந்தேன். பத்துக்கும் "இல்லை". இல்லை இல்லை இல்லை என்று பத்து வரி, கடன் கேட்டு வந்தவனுக்குச் சொல்வதுபோல.

புரிய ஒரு நிமிடம் ஆனது. கா என்பது நமக்கு ஓரெழுத்து. கணினி அதை இரண்டாக வைத்திருக்கிறது: க தனி, துணைக்கால் தனி. என் நிரல் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கில் போட்டுத் தலைகீழாக எடுத்திருக்கிறது. துணைக்கால் முன்னால் வந்துவிட்டது. ஆளில்லாமல் கால் மட்டும். திரையில் வந்தது: ாக்காக.

யாருக்காக?

எண்பத்து மூன்று பேரும் நான் வகுப்பில் காட்டியபடியே எழுதியிருக்கிறார்கள். அதாவது என் தவறையே, கையெழுத்து மாறாமல். சந்தேகம் மட்டும் உயிர்மெய்யைப் பிரிக்காமல் முழு எழுத்தாக எடுத்து அடுக்கில் போட்டிருக்கிறாள். எட்டு ஆம், இரண்டு இல்லை. பத்தும் சரி. ஆகவே என்னிடம் இரண்டு மதிப்பெண்.

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்க என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் பார்த்தேன், சேர்மனின் நிரலை. ஒரே வரி. எந்தச் சொல் கொடுத்தாலும் படிக்காமலே "இல்லை" என்று அச்சிடும். பத்துக்குப் பத்து.

செப்டம்பர் 5

மதிப்பெண்ணைத் திருத்தினால் எண்பத்து மூன்று பேருக்கும் பத்து இரண்டாகும். மதிப்பீடு அடுத்த வெள்ளி.

அக்காவிடம் சொன்னேன். கணினி, துண்டுகள், அடுக்கு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். கடைசியில், "காக்காவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காக்காதானேடி. இதுக்கு ரெண்டு டிகிரியா?" என்றாள்.

அதைச் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன்.

"தப்பான பல்லைப் புடுங்கிட்டா என்ன பண்ணுவேன்னு நினைக்கிற?"

என்ன பண்ணுவாய் என்று கேட்டேன். அப்படி இதுவரை நடந்ததில்லை என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒரே கரண்டியைத் துலக்கினாள். "ஒரு தடவை நடந்துச்சு" என்றாள்.

செப்டம்பர் 6

ஆய்வக அண்ணன் இருபது வருடமாக அந்தக் கணினிகளைத் துடைத்துப் பூட்டி வைப்பவர். எல்லா ஆசிரியர்களும் வந்துபோவதைப் பார்த்தவர். அவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது.

"மேடம், அடுத்த வெள்ளிக்கிழமை பசங்க ஸ்டார் போடுவாங்க. நீங்க சனிக்கிழமை திருத்துங்க. தப்பு எங்கயும் ஓடிடாது."

உண்மைதான். எட்டு நாள். சந்தேகத்துக்கு எட்டு நாள் கழித்துப் பத்து கிடைத்தால் என்ன குறைந்துவிடும்?

குறையாது. இதையே மூன்று முறை எழுதி அடித்தேன். மூன்று முறையும் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 8

அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்ப்பதாகச் சொன்னேன், ஆகவே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நம்புகிறாள். சண்டை போட்டிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். இந்த நம்பிக்கை இருக்கிறதே — இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். ச்சே. சனிக்கிழமை என்றால் என்னவாம்? இல்லை. நாளைக்கு.

செப்டம்பர் 9

சொல்லிவிட்டேன்.

முதலில் பலகையில் ாக்காக என்று எழுதினேன். துணைக்காலைக் காட்டினேன். விடைத்தாள் தப்பு, தப்பு என்னுடையது, மதிப்பெண் மாறும், ஒரு வாரத்தில் புதிதாக எழுதிக் கொடுக்கலாம் என்றேன். பாடம் புரிந்த அமைதி ஒன்று உண்டு. இது அதுவல்ல.

சேர்மன் எழுந்தான்.

"மேம், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதானே எழுதினோம்?"

நீ அப்படி எழுதவில்லை, எல்லாவற்றுக்கும் இல்லை என்று அச்சடித்தாய் என்றேன்.

"விடை ஒண்ணுதானே மேம். நீங்க சுத்தி வந்தீங்க, நான் நேரா வந்துட்டேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கண்டிப்பாக இருக்க முடியவில்லை. இன்னொருவன், இதனால்தான் கணினி கற்பவர்கள் தமிழ்ப் பக்கம் போகக்கூடாது என்றான். கடைசி வரிசையில் யாரோ மெதுவாகக் கரைந்தார்கள்.

சந்தேகம் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்து. சந்தேகத்தின் பலன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்ல யாரும் இல்லை, நல்ல ஜோக்.

செப்டம்பர் 11

பலகையில் காக்கா படம். கண்ணாடி போட்டிருந்தது. நல்ல கை, வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

மதிப்பெண்ணுக்காக ஆசிரியரைக் காக்கா பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆசிரியரே காக்கா ஆனால் யார் யாரைப் பிடிப்பது?

செப்டம்பர் 13

மதிப்பீடு. இருபது நிமிடம் நான் வெளியே நிற்க வேண்டும் என்று விதி. நின்றேன். உள்ளே சிரிப்பு கேட்டது. இரண்டு முறை.

செப்டம்பர் 17

புது ஒப்படைகள் வந்தன. இம்முறை ஒவ்வொன்றையும் நானே திறந்தேன்.

ஆறாவதில் முதல் வரி, விளக்கக் குறிப்பாக: "காப்பி அடிப்பவர்கள் இந்த வரியை மட்டும் அழித்துவிடவும். இப்படிக்கு சேர்மன்."

ஒன்பதாவதிலும் இருந்தது. பத்தாவதிலும்.

முப்பத்தொன்பது பேர் அழிக்கவில்லை. அதில் ஒருவன் சேர்மன். எத்தனை பேர் படித்து அழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் குறைந்தபட்சம் ஒரு வரி படித்திருக்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால் நிரல் சரி. அழகாகக்கூட இருக்கிறது. காக்கா ஆம், மாறுமா ஆம், அக்கா இல்லை. திங்கட்கிழமை நான் பேசியதை ஒருவன் கேட்டிருக்கிறான். கேட்டு, தானே எழுதி, ஊருக்கே தானமும் செய்துவிட்டான்.

துறை விதி: கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் பாடமே போச்சு. அத்தோடு ஒரு பருவம் இடைநீக்கம்.

செப்டம்பர் 19

துறைத்தலைவரிடம் போனேன். இடைநீக்கம் வேண்டாம், பாடத்தை மறுபடி எடுக்கட்டும் என்றேன். ஏன் இரக்கம் என்றார். அவர்களுக்கு முதலில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான் என்றேன். "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்பது ஆய்வக அண்ணனின் அகராதி.

செப்டம்பர் 24

பார்த்திருக்கிறார். இடைநீக்கம் இல்லை. மறுபடி பாடம்.

அக்டோபர் 4

மதிப்பீடு வந்தது. இரண்டு புள்ளி ஒன்பது.

கருத்துகள்: "நல்லவர். நல்லவரை வைத்து என்ன செய்வது." "தட்டு உடைந்த வகுப்பு மறக்காது." "மின்விசிறி" — அவ்வளவுதான், மின்விசிறி. "தப்பு செய்தால் சொல்கிறார். சொல்லாமல் இருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது." கடைசியது புகாரா, பாராட்டா? பத்து முறை படித்தேன். புகார்தான்.

அக்காவிடம் சொன்னேன். சமாதானம் சொல்லத் தெரியாமல், என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைவாயில் ஒரு சொத்தை என்றாள். அடைத்தும் விட்டாள். வலிக்கவில்லை. அழுதேன். ஊசி குத்தியது என்று சொன்னேன்.

அக்டோபர் 22

மரம். வேர் மேலே, இலை கீழே. எவரும் எதிர்க்கவில்லை. எதையும் நம்புகிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நவம்பர் 12

வேலைக்கு ஐந்து இடத்துக்கு எழுதினேன். ஓரிடத்தில் "உங்கள் பெரிய தவறு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். கொடுத்த கட்டம் போதவில்லை.

நவம்பர் 27

துறைத்தலைவர் அழைத்தார். அறையைக் காலி செய்யும் படிவம் என்று நினைத்துப் பேனாவோடு போனேன்.

"மூணரை வேணும்னு விதி. உங்களுக்கு ரெண்டு புள்ளி ஒன்பது."

தெரியும் என்றேன்.

"ஆனா ஜனவரியில அந்த முப்பத்தொன்பது பேருக்கு மறுபடி பாடம் எடுக்கணும். யாரைக் கேட்டாலும் முதுகுவலிங்கிறாங்க." தாள்களைப் புரட்டினார். "உங்களுக்கு முதுகு எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் கொஞ்சம் வலிக்கிறது.

ஒரு பருவம். பிறகு பார்க்கலாமாம்.

ஜனவரி 6

அரியர் வகுப்பு. சின்ன அறை, ஆளுக்கொரு நாற்காலி. சேர்மன் முதல் வரிசையில். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால், தானம் வாங்கிய வரிசையில் என்று தோன்றியது.

"உங்களுக்கும் அரியரா மேம்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, விசாரிப்புதான். உட்கார் என்றேன்.

முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் முதலில் அவர்கள் எதிரிலேயே ஓட்டி, வந்ததைச் சத்தமாகப் படித்தோம். மெதுவாகத்தான் போனது.

முடிந்ததும் வருகைப் பதிவில் மொத்தம் நாற்பது என்று எழுதிவிட்டேன். திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்பதுதான். யார் அந்த ஒரு ஆள் என்று கொஞ்ச நேரம் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்து எழுதவில்லை.