ஆறு பாத்தியிலும் சணப்பு

அக்காவுக்கு,

இந்த முறையும் நான் வரவில்லை. கோபித்துக்கொள்வதற்கு முன் காரணத்தைக் கேள்.

எங்கள் கொல்லையில் ஆறு பாத்தி. தக்காளி ஓய்வதற்குள் அவரை, அவரை ஓய்வதற்குள் கீரை. வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று என் கையால் தண்ணீர் கேட்கும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உன் வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் தங்கியதில்லை.

போன மாதம் கத்தரிச் செடிகள் வெளுத்துப்போயின. இவர் மண்ணை அள்ளிப் பார்த்து, "பாவம், களைச்சுப் போச்சு. கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கணும்" என்றார். அவ்வளவு கனிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

விட்டேனா? மறுநாளே ஆறு பாத்தியிலும் சணப்பு விதைத்தேன். பூக்கும் முன் அறுத்து மண்ணிலேயே மடக்கிவிடுகிற உரப்பயிர் அது. மழைக்காலம், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். நாற்பது நாள் எனக்கு வேலையே இல்லை. பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையே இவர் நாற்றுத் தட்டுகளோடு வந்தார். "மடக்கினதும் நடணும்ல? ரெண்டு வேளை பூவாளியால தெளிச்சா போதும். நீ சும்மாதானே இருக்கே."

முப்பது தட்டு. மழை படாமல் வெளிச்சம் விழுவது படுக்கையறை ஜன்னலோரம் மட்டும்தான். பையை நகர்த்திவிட்டுத்தான் அடுக்கினோம்.

சணப்பு இப்போது என் இடுப்புக்கு மேல் நிற்கிறது, மொட்டும் விட்டுவிட்டது. இனியும் விட்டால் தண்டு நாராகிவிடும், மண்ணால் செரிக்க முடியாது என்று இவர் தவிக்கிறார். அரிவாளைக் காணோம் என்று சொல்லியிருக்கிறேன்.

அது என் பையில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

உன் தங்கை