ஒன்றுவிடாமல் காட்டும் கேமரா

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையுமில்லை. போன வாரம் வேலையில் சற்றுக் கண் அசந்ததில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளோடு என் போனையும் மெஷினில் போட்டு வெளுத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

உங்களைப் பெரிதாகப் பார்க்கலாமே என்று டேப்லெட் வாங்கப் போனேன். விலை கூடியதில் கேமராவைப் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்கக்கா, ஒண்ணுவிடாம எல்லாம் தெரியும்!" என்றான் கடைக்காரப் பையன். அதில் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தேன். "தம்பி, சுமாரானதே போதும்" என்று மலிவானதை வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுகிறேன். பேசக்கூட வேண்டாம், நீ சமைக்கும்போது போனை அடுப்பு மேடையில் சாய்த்து வை.

சூப்பர்வைசர் கத்துகிறார், நிறுத்துகிறேன். சொல்ல மறந்தேனே, என் கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தால் பதறாதே. மலிவான கேமரா, அப்படித்தான் காட்டும்.

உன் மகள்