படைக்குமுன் எடுத்து வைத்த மோதகம்

பிளாக்ஹவுஸ் பே,
2 ஆகஸ்ட் 2014

அன்பான யுவனாவுக்கு,

நலமா என்று கேட்கத்தான் வேண்டும், ஆனால் எனக்கு உம்மில் கோபம். ஃபோனில் கதைத்தால் கத்திப்போடுவேன் என்று இவர்தான் பேப்பரையும் பேனையையும் தந்தார்.

போன பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு பஸ் மாறி, பாலம் தாண்டி உம் வீட்டுக்கு மோதகம் கொண்டுவந்தேன். "சாமிக்குப் படைச்சதாக்கா? அப்படின்னா வேணாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டீர். திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மவுண்ட் வெல்லிங்டனில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தபோது என் சட்டியைத் திறந்து பார்க்காமல் நீர் வேலைக்குப் போனதுண்டோ? ஞானஸ்நானம் எடுத்தீர், சந்தோசம். அதற்காக என் கைச் சாப்பாடும் ஆகாதோ?

இந்த முறை சதுர்த்தி 29ஆம் திகதி. வருவீரோ, மாட்டீரோ, சொல்லும். மாட்டீர் என்றால் இனிக் கேட்கமாட்டேன்.

கோபத்தோடும் அன்போடும்,
அன்னபாக்கியம்

கிளென்ஃபீல்ட்,
9 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அக்கா,

திட்டுங்கள், எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் முதல் கிறிஸ்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று படிக்கிறோம். அவர்களுக்குச் சர்ச் கட்டிடமே கிடையாதாம். யாராவது ஒருவர் வீட்டில் கூடி, எஜமானும் அடிமையும் சேர்ந்து சாப்பிடுவார்களாம். கொரிந்து பட்டணத்தில் மட்டும் வசதியானவர்கள் முந்தி வந்து ஒரு வெட்டு வெட்டிவிட, வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வெறும் சட்டிதான். நம் தமிழ்ச் சங்கத்து டின்னர் போல.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அவர்களுக்கும் நம் சண்டைதான்! வேறு தெய்வங்களின் கோயிலில் படைத்த இறைச்சி கடைக்கு வருமாம். சிநேகிதர் வீட்டில் அதைப் பரிமாறினால் சாப்பிடலாமா என்று பெரிய தகராறு. தீர்ப்பு அடுத்த வாரக் கூட்டத்தில் படிக்கும்போதுதான் தெரியும். அதுவரை பொறுங்கள்.

உங்கள் கை எனக்கு ஆகாமல் போகவில்லை அக்கா. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

உங்கள்
யுவனா

பிளாக்ஹவுஸ் பே,
20 ஆகஸ்ட் 2014

அன்பான யுவனாவுக்கு,

கொரிந்துக்காரரின் தீர்ப்புக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

படைக்குமுன் நான் உப்புக்கூடப் பார்ப்பதில்லை, உமக்குத் தெரியும். இந்த முறை உமக்கு மட்டும், படைக்குமுன் தனியாக எடுத்து வெள்ளைத் தட்டில் வைப்பேன். இவர் முகத்தைச் சுளித்தார். "பிள்ளையார் வீட்டுக்காரர், பொறுப்பார். அவள் விருந்தாளி எல்லோ" என்றேன். பயப்படாமல் வாரும்.

அன்னபாக்கியம்

கிளென்ஃபீல்ட்,
20 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. சிநேகிதர் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு, எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. இவ்வளவுதான்! நான் போன வருடம் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். யாராவது வாய்விட்டு, "இது படைத்தது" என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டுமாம். அதனால் நான் வருகிறேன், கேட்கமாட்டேன். நீங்களும் தயவுசெய்து எதையும் சொல்லிவிடாதீர்கள்.

செப்டம்பர் ஏழாம் தேதி ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் அன்பின் விருந்து, அந்த முதல் கிறிஸ்தவர்கள் போல எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. நீங்களும் வரவேண்டும்.

உங்கள்
யுவனா

பிளாக்ஹவுஸ் பே,
30 ஆகஸ்ட் 2014

என் அன்பான யுவனாவுக்கு,

சொல்லாதே என்ற உம் கடிதம் வரமுன்னமே, எல்லாவற்றையும் சொல்லி நான் தபாலில் போட்டுவிட்டேன். இனி எதை மறைக்க? அதனால் நேற்று வெள்ளைத் தட்டை உமக்கு நேரே வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். நீர் அதைத் தாண்டி, படைத்த மற்றத் தட்டுக்குக் கை நீட்டினீர். தேத்தண்ணி போடுகிறேன் என்று நான் உள்ளே ஓடியது கண்ணைத் துடைக்கத்தான்.

வெள்ளைத் தட்டில் இருந்ததை இவர்தான் முடித்தார். பிள்ளையாருக்கு வைக்காததை எனக்குத் தருகிறாயோ என்று புறுபுறுத்துக்கொண்டே ஒன்றும் மிச்சம் விடவில்லை.

ஏழாம் திகதி வருகிறேன். சாப்பாட்டுக்கு என்ன ஜெபம் பண்ணினீர்கள் என்று நானும் கேட்கமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிந்தும். நான் வரும்வரை ஒருவரும் சட்டியைத் திறக்கக் கூடாது. கொரிந்துக்காரர் போலச் செய்துபோடாதேயும்.

அன்புடன்,
உம்முடைய அக்கா
அன்னபாக்கியம்