இருபத்தேழாம் குப்பி

24.8.2025, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது, நாற்றங்காலில் மாடு புகுந்தது போல. இந்த நோட்டை யார் பிரித்தாலும் முதலில் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுபது வருஷம் மண்வெட்டி பிடித்த கை இது. பேனாவுக்குக் கனம் போதவில்லை, பிடி நழுவுகிறது.

என் பெயர் சாமிதுரை. வயது எழுபத்திரண்டு இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் பத்து மாதம் படித்தேன். சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருப் பெண் மலர்க்கொடி. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறது. தினம் நாலு வரியாவது எழுதினால்தான் மறக்காதாம். இவ்வளவு எழுதுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

27.8.2025

மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போனோம். வழியில் உள்ள பலகைகளை எல்லாம் படித்தேன். பஸ் வேகமாகப் போவதால் ஒவ்வொன்றிலும் பாதிதான் முடிந்தது. மீதிப் பாதியைத் திரும்பி வரும்போது படித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி பொன்னுத்தாய், “வாய மூடிக்கிட்டுப் படிங்க, டிக்கெட் குடுக்கிறவரு உங்களத்தான் பாக்குறாரு” என்றாள்.

வாயை மூடினால் எனக்கு இன்னும் படிக்க வரவில்லை.

2.9.2025

கிராம நர்ஸ் அனிட்டா வந்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாமாம். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கிற சோதனை. டாக்டர் தொட வேண்டியதில்லை. குச்சியும் குப்பியும் தருவார்கள். அவரவர் தனி அறைக்குள் போய்த் தானே எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும்.

பொன்னுத்தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எனக்கும் உண்டா என்று கேட்டாள். அனிட்டா அவளுடைய ஆதார் கார்டைப் பார்த்தார். அறுபத்தெட்டு. இந்த முகாம் முப்பதிலிருந்து அறுபத்தைந்து வரைக்கும்தான் என்றார்.

அந்த அறுபத்தெட்டு யாருக்குத் தெரியும்? கார்டு எடுக்க வந்த பையன் அவள் நரையைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டான். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

அடுத்த வீட்டு ரோஸ்லின் பெயரை அனிட்டா எழுதிக்கொண்டார். நாற்பத்தொரு வயது.

6.9.2025, சனி

இன்று என் வாழ்க்கையில் பெரிய நாள். முகாமில் எனக்கு மேசை போட்டார்கள். மலர்க்கொடி ஏற்பாடு. “வகுப்புல எழுதுனது போதும் தாத்தா, இப்ப ஊருக்கு எழுதுங்க” என்றது. வருகிறவர் பெயர் சொல்ல, நான் எண் போட்டுப் பெயர் எழுதி, அதே எண்ணைக் குப்பியில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஐம்பத்திரண்டு பெயர் எழுதினேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அனிட்டா உள்ளே கூட்டம் கூட்டமாக விளக்கிக்கொண்டிருந்ததால் வெளியே எல்லாம் என் பொறுப்பு.

ரோஸ்லின் வரவில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நேற்றே நடந்து போய்விட்டாள். பொன்னுத்தாய் என் முன்னால் வந்து நின்று, ரோஸ்லின் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். இருபத்தேழாம் எண். நூறு நாள் வேலையில் வராதவளுக்காக இன்னொருத்தி பேர் கொடுப்பது முன்பு எங்களுக்குள் நடக்கும். அவள் பேர் விட்டுப் போகக்கூடாது என்று வெறுங்குப்பி ஒன்றை மூடிக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதில் என்ன போய்விடும்?

7.9.2025

விரல் வலி. மகிழ்ச்சியான வலி.

19.9.2025

ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. எழுத ஒன்றும் இல்லை, எழுத ஆசை மட்டும் இருக்கிறது.

30.9.2025

அனிட்டா பட்டியலோடு ரோஸ்லின் வீட்டுக்கு வந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் தென்னங்கிடுகு கட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு பேரில் ஒருவருக்குச் சந்தேகமாக வந்திருக்கிறது. இருபத்தேழாம் எண். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அடுத்த சோதனை செய்ய வேண்டும்.

நான் முகாமுக்கே வரவில்லை, அன்றைக்கு வேளாங்கண்ணியில் இருந்தேன் என்றாள் ரோஸ்லின். அனிட்டா நம்பவில்லை. பயத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள் போல. “ஒங்க பேரு, ஒங்க நம்பரு. இதோ கையால எழுதியிருக்கு பாருங்க. ஒருதரம் போயிட்டு வந்துடுங்கக்கா” என்று காகிதத்தைக் காட்டினார்.

அது என் கையெழுத்து.

நான் அடுத்த கிடுகை எடுத்துக் கட்டினேன்.

1.10.2025

வெறுங்குப்பியில் எப்படி நோய் தெரியும்?

4.10.2025

நடவு தொடங்கிவிட்டது. பொன்னுத்தாய் போகவில்லை. முழங்கால் வலி என்கிறாள். ஆடி மாதத்திலிருந்து தன் துணியைத் தனியாகத் துவைத்துக் கொல்லையில் வைக்கோல்போருக்குப் பின்னால் காயப்போடுகிறாள். இத்தனை நாள் பார்த்தும் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? நாற்பத்தெட்டு வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

9.10.2025

ரோஸ்லின் தஞ்சாவூர் போய் வந்தாள். ஒன்றும் இல்லையாம். நன்றாகப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேரே வேளாங்கண்ணிக்குப் போய்த் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கிக் கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். தெருவில் எல்லோருக்கும் கடலை மிட்டாய். பொன்னுத்தாய் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், தின்னவில்லை.

சாயங்காலம் அனிட்டா வந்து ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். பட்டியலில் இருபத்தேழுக்கு எதிரே ஒரு கோடு போட்டார். முடிந்தது என்றார்.

முடியவில்லை. அந்தக் கோட்டுக்கு அடியில் கிடப்பது என் வீட்டுக்காரி.

10.10.2025

கேட்டுவிட்டேன். அடுப்படியில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். அது சுலபமாக இருந்தது.

முதலில் இல்லை என்றாள். பிறகு வெகுநேரம் சட்டியைக் கிளறினாள். பிறகு சொன்னாள். “ஆடியிலேர்ந்து படுது. இந்த வயசுல தீட்டு வருமா? யாருகிட்ட சொல்றது? அறுபத்தஞ்சுக்கு மேல வேணாம்னுட்டாங்க. அப்ப அதுக்கு மேல வைத்தியம் கெடையாதுன்னுதான அர்த்தம். அதான் அவ பேருல குடுத்தேன். ஒண்ணுமில்லன்னு வந்துட்டா நிம்மதியா இருக்கலாம்னு.”

முடிவு வந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கூப்புட்டது ரோஸ்லின. நான் போயி என்னான்னு சொல்லுவேன்? பேரத் திருடுனேன்னா?”

பத்து நாள். பத்து நாள் சும்மா இருந்திருக்கா. நானும் சும்மா இருந்தேன். எழுதத் தெரிஞ்சு என்ன — அவ சொன்னத அப்படியே எழுதிட்டேனே, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? நூறு நாள் வேலையா அது? மண்ணா வெட்டினா?

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை.

11.10.2025, சனி

துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அனிட்டா என் பேத்தி வயது. அவர் முன்னால் வாய் வரவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். எழுதியதை இங்கே திரும்ப எழுதி வைக்கிறேன்:

“நர்ஸ் அவர்களுக்கு. இருபத்தேழாம் குப்பி ரோஸ்லினுடையது அல்ல. என் மனைவி பொன்னுத்தாயுடையது. பெயரை மாற்றி எழுதியது நான். கார்டில் வயது அறுபத்தெட்டு. ஆடியிலிருந்து ரத்தம் போகிறது. அவளைப் பார்ப்பார்களா? சாமிதுரை.”

இத்தனைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாளைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன்.

அனிட்டா இரண்டு தடவை படித்தார். கோபம்தான். ஆனால் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. “பாக்க மாட்டாங்கன்னு யாருங்கய்யா சொன்னா? வயசு அந்தக் குச்சிக்கு மட்டுந்தான். ஆஸ்பத்திரிக்கு வயசு கெடையாது. ரத்தம் படுதுன்னா எத்தன வயசானாலும் மறுநாளே போகணும்” என்றார். பிறகு, அதை அன்றைக்கே உங்கள் வீட்டில் வைத்துச் சொல்லாமல் போனேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அந்த ஒரு வாக்கியம் செப்டம்பர் இரண்டாம் தேதி யாராவது சொல்லியிருந்தால்.

12.10.2025

ரோஸ்லினிடம் பொன்னுத்தாயே போய்ச் சொன்னாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். ரோஸ்லின் நன்றாகத் திட்டினாள். ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை, திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷனிடம்கூடச் சொல்லாமல் ஒற்றை ஆளாய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன் என்று அழுதாள். திட்டு வாங்க வேண்டியதுதான். வாங்கினோம்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த மெழுகுவத்திய இனிமே திருப்பியா கேக்க முடியும்? பெரியம்மா, ஒங்க பேருக்கு மாத்திவிடச் சொல்றேன் மாதாகிட்ட. நீங்க என்னவிட ஒரு சாண் குள்ளம். மிச்சத்த மாதாவே வச்சுக்கட்டும்” என்றாள்.

பொன்னுத்தாய் ஆடிக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

14.10.2025

தஞ்சாவூர். காலை ஐந்தே முக்கால் பஸ். பெண்கள் பகுதிக்குள் என்னை விடவில்லை, ரோஸ்லின் கூடப் போனாள். நான் வெளியே எல்லாப் பலகையையும் முழுதாகப் படித்தேன். நகராத பலகைகள். சோதனைக்குச் சதை கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள்.

20.10.2025

தீபாவளி. மழை.

29.10.2025

முடிவு வந்தது. இருக்கிறது. ஆனால் முதல் கட்டம். அந்த இடத்தை விட்டு வெளியே போகவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதாக டாக்டரம்மா சொன்னார். அடுத்த வருஷம் வந்திருந்தால் இப்படிச் சொல்ல முடிந்திருக்காதாம். திரும்பி வரும்போது பொன்னுத்தாய், “எடுத்துட்டுப் போகட்டும், அதுல இனிமே யாரு குடியிருக்கப் போறா” என்றாள். பஸ்ஸில் அடுத்த சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

12.11.2025

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டு பத்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள். இடையில் எழுத நினைத்தேன். “அ” கூட வரவில்லை.

22.11.2025

வீட்டுக்கு வந்துவிட்டோம். எடுத்ததைச் சோதித்ததில் ஓரங்கள் சுத்தமாம். கதிர்வீச்சு வைத்தியம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்கிறார்கள். பக்கத்துப் படுக்கையில் பட்டுக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர், ஐம்பது வயது. ஒரு வருஷம் மறைத்து வைத்திருந்தாராம். முற்றிவிட்டதால் அவருக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியாதாம். அவரைப் பற்றிப் பொன்னுத்தாய் வழி முழுக்கப் பேசினாள், தன்னைப் பற்றிப் பேசவில்லை.

24.1.2026, சனி

மறுபடியும் முகாம். மறுபடியும் எனக்கு மேசை. வேண்டாம் என்று மலர்க்கொடியிடம் சொல்லிப் பார்த்தேன். தப்பு செய்த ஆள்தான் கவனமாக இருப்பார் என்றது அது.

இந்தத் தடவை இரண்டு தாள். ஒன்று குச்சிச் சோதனைக்கு வருகிறவர்களுக்கு. இன்னொன்று அறுபத்தைந்து தாண்டி, ஏதாவது தொந்தரவு இருக்கிறவர்களுக்கு. அவர்களை அனிட்டா நேரே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகிறார். பொன்னுத்தாய் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாசலோடு போகிற கிழவிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்களிடம், எனக்கும் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன் என்றாள்.

மேலத்தெரு ஞானாம்பாள் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, அறுப்பில் இருக்கிற தன் மச்சினி பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள் என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். நான் சொல்வதற்குள் பொன்னுத்தாய் முந்திக்கொண்டாள். “அதெல்லாம் ஆவாது. ஆள் மாறினா என்னாவும்னு என்னக் கேளு. போயி அவளையே கூட்டியா.”

அரை மணியில் மச்சினி வந்தார். காலில் சேறு, இடுப்பில் அரிவாள்.

இரண்டாம் தாளில் ஒன்பது பேர். வரும் புதன்கிழமை வேனில் போகிறார்கள். பொன்னுத்தாய்க்கும் அன்றைக்கே காட்டச் சொல்லி அனிட்டா ஏற்பாடு செய்திருக்கிறார். பத்தாவதாகத் தன் பெயரையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். வயது, அறுபத்தெட்டுதானே என்று கேட்டேன்.

“அறுபத்தொம்பதுன்னு போடுங்க. ஒண்ணாந்தேதி முடிஞ்சு போச்சே” என்றாள்.

போட்டேன். இரண்டு தாளையும் செப்டம்பர்ப் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். வரிகள் கொஞ்சம் நேராகியிருக்கின்றன. புதன்கிழமை பத்துப் பேரும் போய் வரட்டும். யாருக்கு என்ன சொன்னார்கள் என்று அடுத்த வாரம் உட்கார்ந்து, ஒரு பெயர் விடாமல் இங்கே எழுதுகிறேன்.